சீட்டுப் பணமும் முதல் கமராவும்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. கடிதத்தின் சுருக்கம்:

“எனக்கு 23 வயது. கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவேன். அடுத்த மாதம் எனக்குச் சீட்டு விழுகிறது. கையில் 120,000 ரூபாய் வரும். அதில் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கமரா வாங்க ஆசை. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தைப் படம் எடுக்க வேண்டும், அம்மா கொழுந்து பறிப்பதை எடுக்க வேண்டும். பிறகு சின்னச் சின்னக் கலியாண வேலைகள் வந்தால் செய்யலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் இரண்டு லென்ஸ் உள்ள புதிய செட் ஒன்றைக் காட்டினார். பையும் முக்காலியும் இனாமாம், மீதிப் பணத்தைத் தவணையில் கட்டலாமாம். கூட்டாளி ஒருவன் பழைய ஃபுல் ஃபிரேம் வாங்கு என்கிறான். கெனனா, நிக்கோனா? புதியதா, பாவித்ததா? போனே போதும் என்று சொல்லிவிடாதீர்கள் அண்ணா.”

தம்பி, கமரா கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்றுதான் தொடங்குவார்கள். நீங்கள் காமன் கூத்து என்று, ரதி மன்மதன் கதையை இரவில் ஆடும் கூத்தை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே லென்ஸைச் சொல்லிவிடலாம். லென்ஸ் முடிவானால் கமராவை முடிவு செய்வது அவ்வளவு பெரிய வேலையாக இருக்காது.

ஹட்டனில் நான் ஸ்டுடியோ வைத்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. வெளியூர்க்காரர்கள் வெயில் நாளாகப் பார்த்து வந்து பச்சை மலையையும் நீல வானத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இங்கேயே இருக்கிற நமக்கு வாய்ப்பது வேறு. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் விடியாத பிரட்டுக்களம், மழை மூடிய பகல், ஒற்றை பல்பு எரியும், கொழுந்து நிறுக்கும் மடுவம், புகை படிந்த லயக் காம்பரா, நள்ளிரவு தாண்டியும் தப்பு மேளச் சத்தம் ஓயாத கூத்துக்களம். எல்லாமே வெளிச்சம் குறைந்த இடங்கள், பாதிக்கு மேல் ஈரமான இடங்கள். ஆகவே கமரா உடலில் மிச்சம் பிடித்து, வெளிச்சத்தை அள்ளும் ஒரு லென்ஸை வாங்குங்கள். கொஞ்சப் பணத்தை அந்த லென்ஸில் பூஞ்சணம் ஏறாமல் காப்பதற்கு ஒதுக்குங்கள். நான் சொல்லப்போவது அவ்வளவுதான். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் முதன்முதலாகக் காமன் கூத்து எடுக்கப் போனது நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு. கமராவோடு சேர்ந்து வந்த 18-55 மி.மீ. லென்ஸ் மட்டும் கையில் இருந்தது. களத்தின் நான்கு மூலையிலும் கம்பு நட்டு பல்பு கட்டியிருந்தார்கள். ரதியாக ஆடியவர் சுழன்று திரும்பும்போது முகம் வேண்டும் என்று 55இல், அதாவது கிட்ட இழுத்துக் காட்டும் முனையில், வைத்துக் காத்திருந்தேன். அந்த முனையில் அந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. கமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் விநாடியில் 15இல் ஒரு பங்குதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பின்னால் நின்ற கம்பும் பல்பும் கத்தி போலக் கூர்மை. ரதியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் தீற்றல். லென்ஸில் இருந்த நடுக்கம் தடுக்கும் வசதி என் கையின் நடுக்கத்தைத் தடுத்துவிட்டது. ஆடுகிறவரின் ஆட்டத்தை அது எப்படித் தடுக்கும்?

அன்றைக்கு எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்திருந்தால், உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்காகியிருக்கும். எஃப் என்று போடும் இந்த எண், லென்ஸின் குவியத் தூரத்தை உள்ளே இருக்கும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. எண் சிறுத்தால் துவாரம் பெரியது. 5.6ஐ 1.8ஆல் வகுத்தால் 3.1. துவாரத்தின் பரப்புத்தான் வெளிச்சத்தின் அளவு என்பதால் அந்த 3.1ஐ அதனாலேயே பெருக்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் வருகிறது. அப்போது 15இல் ஒரு பங்காக இருந்த வேகம் 125இல் ஒரு பங்கைத் தாண்டிவிடும். கூத்தாடுகிறவரின் முகம் நிற்கும் வேகம் அது. கை விரல்கள் கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், ஆட்டம் என்று தெரிய வேண்டாமா?

கெனனில் இந்த லென்ஸுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். என்று பெயர். எஸ்.டி.எம். என்பது அதிகம் சத்தமில்லாமல் குவிக்கும் மோட்டார். 2015இல் வந்தது, எடை 160 கிராம். அதற்கு முன்னால் 1990இலிருந்து விற்ற இரண்டாம் பதிப்பு ஒன்று உண்டு. கமராவில் பூட்டும் வளையமே அதில் பிளாஸ்டிக். குவிக்கும்போது சிள்வண்டு போலச் சத்தம் போடும், படம் என்னவோ நன்றாகவே வரும். பணம் இடித்தால் அதை வாங்கலாம். இடிக்காவிட்டால் எஸ்.டி.எம். வாங்குங்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். 1.8இல் முழுதாகத் திறந்து பக்கத்தில் நின்று எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் இருக்கும். 2.2க்கோ 2.8க்கோ கொஞ்சம் மூடி, கமராவுக்குப் பக்கத்திலுள்ள கண்ணில் குவியுங்கள்.

அப்படியானால் 18-55ஐ விற்றுவிடலாமா என்று கேட்பீர்கள். விற்காதீர்கள். நீங்கள் வாங்கக்கூடிய கமராக்களில் படத்தைப் பதியும் சென்சார் சிறியது. கெனனில் 1.6 மடங்கு கணக்கு, 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போல ஒடுக்கமாகப் பார்க்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இரு வீட்டாரையும் அதில் அடக்க வேண்டுமானால், சுவரை இடித்துக்கொண்டு நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே 18 மி.மீ. முனை இல்லாமல் ஒன்றும் நடக்காது. கலியாண வீட்டில் ஃபிளாஷைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்துக்கொள்ளலாம், கூரை வெள்ளையாக இருந்தால். புகை படிந்த தகரமாக இருந்தால் வெளியே முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள்.

கடைக்காரர் காட்டிய இரட்டை லென்ஸ் செட்டுக்கு வருகிறேன். இரண்டாவது லென்ஸ் 75-300 என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். அது எஃப் 4இல் தொடங்கி 5.6இல் முடிகிறது. கெனன் செட்டுகளில் வழக்கமாக வருகிற 75-300இல் நடுக்கம் தடுக்கும் வசதியும் கிடையாது. 300 மி.மீ.யில் கையால் பிடித்து எடுக்க 500இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். ஆனி, ஆடி மாத மஸ்கெலியாவில் நடுப்பகலிலேயே அவ்வளவு வெளிச்சம் இருக்காது. வாங்கியவர்கள் முதல் வாரம் நிலாவை எடுப்பார்கள், இரண்டாம் வாரம் மைனாவை எடுப்பார்கள், மூன்றாம் வாரம் அது அலுமாரிக்குள் போய்விடும். இனாம் முக்காலியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

கூட்டாளி சொன்ன பழைய ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் உள்ள கமரா, நல்ல யோசனைதான், வேறு ஒருவருக்கு. சிறிய சென்சாருக்கென்று செய்த கெனன் 18-55 கெனனின் ஃபுல் ஃபிரேமில் பொருந்தவே பொருந்தாது. அகலமாகப் பார்க்கும் லென்ஸ் தனியாக வாங்க வேண்டும், அதற்கு உங்கள் சீட்டு இன்னொரு முறை விழ வேண்டும். டி.எஸ்.எல்.ஆரில் உள்ளது போல உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கமராக்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்வேன். கெனனும் நிக்கோனும் இப்போது அந்தப் பக்கம் போய்விட்டன, உண்மை. அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் பழையதை விற்றுவிட்டு ஓடுகிறார்கள், அது உங்களுக்கு லாபம். இன்று வாங்கும் 50 மி.மீ. லென்ஸை நாளைக்கு ஓர் அடாப்டர் வைத்து கெனன் மிரர்லெஸ்ஸிலும் பூட்டலாம்.

கெனனா நிக்கோனா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் பாவித்ததை வாங்குகிறவர் நிக்கோனில் இரண்டு இடங்களில் வழுக்கி விழலாம். டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலில் குவிக்கும் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எஃப் 1.8டி என்ற பழைய 50 மி.மீ. லென்ஸை வாங்கி மாட்டினால், கையால் திருக வேண்டியதுதான். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏ.எஃப்-எஸ் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். மற்றது, ஏ.எஃப்-பி என்று எழுதிய, கமராவோடு சேர்ந்து வரும் புதிய கிட் லென்ஸ் டி3200 போன்ற பழைய உடல்களில் குவியாது. விற்கிறவர் எங்கோ ஓர் உடலும் எங்கோ ஒரு லென்ஸும் சேர்த்து செட் என்று காட்டுவார், கவனம். இந்த இரண்டும் தெரிந்த பிறகு நல்ல டி3300 ஒன்றும் 35 மி.மீ. எஃப் 1.8 ஏ.எஃப்-எஸ் லென்ஸும் சேர்ந்து கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். காம்பராவுக்குள் அந்த 35, கெனனின் 50ஐ விட வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் உங்கள் இடத்தில் நானிருந்தால் பாவித்த கெனன் 700டி, 18-55 எஸ்.டி.எம். லென்ஸோடு தேடுவேன். 2013இல் வந்த கமரா, 18 மெகாபிக்சல். திரை மடங்கித் திரும்பும், பிரட்டுக்களத்துச் சேற்றில் படுக்காமலே தாழ்வாக வைத்து எடுக்கலாம். 2017இல் வந்த 200டி அதே விலைக்குள் அகப்பட்டால் அதிர்ஷ்டம், அதை எடுங்கள். பற்றரி ஒரு சார்ஜில் 650 படம் வரை தாங்கும் என்கிறது கெனன், 700டிக்கு 440. புதியதாகவே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கடையில் 3000டியைக் காட்டுவார்கள். அதில் லென்ஸ் பூட்டும் வளையமே பிளாஸ்டிக், ஃபிளாஷ் பூட்டும் இடத்தில் நடுத் தொடுமுனையும் இல்லை. அந்த முனையை மட்டும் நம்பி வேலை செய்யும் மலிவு ஃபிளாஷ்கள் அதில் எரியாது. 200டி மார்க் 2இலும் அதே குறை. கலியாண வேலை நினைப்பில் இருக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பழைய கமராவா என்று முகம் சுளிக்க வேண்டாம். பொகவந்தலாவ புனித மரியாள் தேவாலய மயானத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அடங்கியிருக்கிறார். புகைப்படக் கலையின் வரலாற்றைத் திறந்தால் முதல் சில பக்கங்களுக்குள் வருகிறவர். 1863இல், 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த முதல் கமராவைக் கையில் எடுத்தார். எதிரே உட்கார்ந்தவர் சில நிமிடங்கள் அசையாமல் இருந்தால்தான் அதில் படம் விழும். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தார். இங்கே அவர் எடுத்த படங்களில் நம் ஆட்களின் முகங்கள் இருக்கின்றன, பெயர்கள்தான் இல்லை. உங்கள் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான்.

இனி, பாவித்ததை எப்படிப் பார்த்து வாங்குவது. விற்கிறவரைப் பகலில் சந்தியுங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தோடு போகாதீர்கள். முதலில் லென்ஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். மூடிக் கிடந்த டிரங்குப் பெட்டியின் வாடை அடித்தால் அதிலேயே பாதி பதில் இருக்கிறது. பிறகு போனின் டோர்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் சரித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. தூசி, புள்ளி புள்ளியாகத் தெரியும், அதனால் கெடுதல் இல்லை. விளிம்பிலிருந்து உள்நோக்கி மயிரிழை போல, சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சணம். விலையைக் குறைக்கிறேன் என்பார், வாங்காதீர்கள். அடுத்து லென்ஸை எஃப் 16இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் நகராமல் அதே இடத்தில் ஒவ்வொரு படத்திலும் நின்றால் அது சென்சாரில் உள்ள அழுக்கு. துடைத்தால் போகும், பேரம் பேசவும் உதவும். ஒரு ஃபிளாஷைக் கடன் வாங்கிக்கொண்டு போய் மாட்டி எரிகிறதா என்று பாருங்கள்.

எத்தனை படம் எடுத்த கமரா என்பதும் தெரிய வேண்டும். இந்த வகைக் கமராக்களின் ஷட்டர் ஒரு லட்சம் தடவைக்கென்று சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டியும் ஓடும், தாண்டாமலே போகவும் கூடும். நிக்கோன் எடுத்த படத்தின் கோப்பிலேயே அந்த எண் பதிந்திருக்கும், ஒரு படத்தை வாங்கிப் பார்த்தால் போதும். கெனனின் இந்த வரிசைக் கமராக்கள் அப்படிக் காட்டிக் கொடுப்பதில்லை. கேபிளில் கணினியோடு இணைத்து அதற்கென்ற மென்பொருளால் கேட்க வேண்டும். அது வாய்க்காவிட்டால் பிடியின் ரப்பரையும் பொத்தான்களின் எழுத்தையும் பாருங்கள். கலியாணக்காரரின் கையில் நாலு வருடம் இருந்த கமராவில் பெருவிரல் படும் இடம் பளபளவென்று வழுக்கும்.

பூஞ்சணம் என்று சொன்னேனே, அந்தக் கதை என்னுடையது. ஒரு ஜூன் மாதம், தென்மேல் பருவ மழை பிடித்துக்கொண்ட நேரம், வேலை இல்லை. என் 50 மி.மீ. லென்ஸை அழகான தோல் உறையில் போட்டு, அலுமாரியில் மடித்த சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். பத்திரமாம். ஆகஸ்ட்டில் ஒரு வேலைக்காகத் திறந்தபோது தோல் உறையின் மேல் சாம்பல் பூத்திருந்தது. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி நூலில் கோலம் போட்டது போல இருந்தது. பழுது பார்க்கிறவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். நூல் போய்விட்டது, நூல் இருந்த தடம் போகவில்லை. கண்ணாடியின் மேல்பூச்சையே அது தின்றிருந்தது. விளக்கை நோக்கி எடுத்தால் இன்றைக்கும் படம் பால் கலந்தது போல வெளுக்கிறது.

மே தொடங்கி செப்டெம்பர் வரை நம் சரிவுகளில் துணியே காய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அது போதும். உலர்பெட்டி என்று மின்சாரத்தில் ஓடும் அலுமாரி விற்கிறார்கள், உங்களுக்கு அது வேண்டாம். ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல் கால் கிலோ, ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று. பெட்டிக்குள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஆரஞ்சு நிறச் சிலிக்காவாக வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறம் வரும். நீல நிறத்தில் கோபால்ட் இருக்கிறது, அதை வீட்டுச் சட்டியில் போடவே கூடாது. அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, தவிட்டுத் தூசியை மட்டும் கமராவுக்குக் கொடுக்கும். இவை எல்லாவற்றையும் விடச் சுலபமான மருந்து, கிழமைக்கு ஒரு தடவையாவது கமராவை வெளியே எடுத்துப் பாவிப்பது. பெட்டி உங்கள் கொழும்பு அறையில் இருக்கட்டும். வீட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பணக் கணக்கு. கமரா உடலுக்கும் 18-55க்கும் சேர்த்து 75,000 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 25,000 ஒதுக்குங்கள். மெமரி கார்ட், இரண்டாவது பற்றரி, பெட்டி, சிலிக்கா எல்லாம் 12,000க்குள் அடங்கட்டும். மீதி 8,000 கையில் நிற்கட்டும், ஏதாவது ஒன்று பழுதாகும். 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து இந்தச் சாமான்களின் விலை நிலையாக நிற்பதில்லை. ஆகவே சொன்ன கணக்குக்குள் கிடைக்காவிட்டால் 700டிக்கு முந்திய 600டியைத் தேடுங்கள், 50 மி.மீ. லென்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். தவணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். நுண்கடன்காரர்கள் லயத்து வாசலில் வந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கமராவுக்காக அம்மாவை அந்த வாசலுக்கு வரவைக்காதீர்கள்.

அம்மாவைக் கொழுந்து மலையில் எடுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. மூடுபனியில் கமரா ஏமாறும். வெள்ளையைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தைச் சாம்பலாக்கிவிடும். கமராவின் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வைத்தால் பனி பனியாகவே வரும். குவிவும் தடுமாறும். நடுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு கூடையின் பட்டை, தலைத்துணியின் ஓரம், இடுப்புப் படங்கின் மடிப்பு என்று கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில் பிடியுங்கள். மற்றப் பெண்களை எடுக்கும் முன்னால் கேளுங்கள். பாதையில் வாகனத்தை நிறுத்திக் கேட்காமல் எடுத்துப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அலுத்துவிட்டது. நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை. நிறை போட்டு முடித்து, மடுவத்திலிருந்து அவர்கள் ஓய்வாக இறங்கும் நேரம் நல்ல நேரம். கூத்தின்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், ஆடுகிறவருக்கும் இடைஞ்சல், களத்து வெளிச்சமும் செத்துப்போகும்.

கமராவை வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் வரும்போது பையை மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் இறங்கிக் குளிரில் நடந்து வீட்டுக்குள் போனதும் திறந்து காட்டத்தான் மனம் வரும். திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் அடுப்படியின் ஆவி பட்டால் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். பை மூடியபடியே ஒரு மணி நேரம் இருக்கட்டும். அம்மா தேத்தண்ணீர் ஊற்றுவார், அதைக் குடித்து முடித்துவிட்டுத் திறக்கலாம்.